முன் ஹோலில் நாலு மேசை

எழுதுவது என் வேலை இல்லை. பத்தாம் வகுப்போடு என் பள்ளிக்கூடம் முடிந்துவிட்டது. அதற்குப் பிறகு மகளுக்குக் காய்ச்சல் என்று வகுப்பு ரீச்சருக்கு எழுதியதைத் தவிர நான் பேனை பிடித்தது குறைவு. நாலு பேர் இருக்கும் இடத்தில் வாய் திறக்காத ஒருத்தி, இத்தனை பேருக்கு முன்னால் வந்து கதை சொல்ல நினைப்பது எனக்கே கூச்சமாக இருக்கிறது. வாசிக்கிறவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும். அண்ணனின் கடையில் சாப்பிட்டுப் போனவர்கள் ஃபோனில் நிறைய எழுதியிருக்கிறார்கள். மகள் வாசித்துக் காட்டினாள். சாப்பாடு நல்லம், இடம் சின்னது, முதலாளி அதிகம் கதைக்கமாட்டார், சோறு கிடையாது என்று எழுதியிருந்தார்கள். எல்லாம் உண்மைதான். ஆனால் அந்த மேசையில் ஒருநாள் நானும் இருந்து சாப்பிட்டேன். அதை எழுத வேறு ஆள் இல்லை.

கடை இருந்தது எங்கள் வீட்டு முன் ஹோலில். வீட்டுக்கு முன்னால் வீதி, பின்னால் வாவி. வீடு என் பெயரில் இருக்கிறது. கட்டியது அண்ணன்.

எங்கள் பக்கத்தில் வீடு பெண்ணுக்குத்தான். கலியாணம் முடித்த ஆண் மனைவி வீட்டுக்குப் போய்விடுவான். அதனால் தங்கச்சி உள்ளவன் தனக்கென்று வீடு கட்டமாட்டான், தங்கச்சிக்குக் கட்டுவான். அண்ணனும் எனக்குக் கட்டத்தான் பிரான்சுக்குப் போனார். கட்டி முடித்த பிறகும் வராமல் அங்கேயே இருந்தார். கடைசியில் வந்தபோது தலை நரைத்திருந்தது. அவர் கலியாணம் முடித்த இடத்தில் மனைவி வேறு வாழ்க்கையை அமைத்துக்கொண்டிருந்தார். அந்த வீடு மனைவியுடையது, அதில் கேட்க ஒன்றுமில்லை. ஒரு பெட்டியும் ஒரு இரும்புச் சட்டியுமாக எங்கள் வாசலில் வந்து நின்றார். "கொஞ்ச நாளைக்கு" என்றார். உள்ளே வாங்க என்று சொல்லக்கூட எனக்கு வாய் வரவில்லை. பெட்டியை வாங்கி உள்ளே வைத்தேன்.

இரண்டு மாதம் சும்மா இருந்தார். இருந்தார் என்பதைவிட, இருப்பது தெரியாமல் இருந்தார் என்று சொல்லலாம். சாப்பிடக் கூப்பிட்டால் பசியில்லை என்பார். என் கணவர் கதிரையில் இருந்தால் அவர் முற்றத்தில் நிற்பார். பிறகு ஒருநாள், "முன் ஹோல் சும்மாதானே கிடக்கு, நாலு மேசை போடட்டா?" என்று கேட்டார். அன்றிலிருந்துதான் அவர் எங்கள் வீட்டில் கால் பதித்து நடந்தார்.

ஊரில் அதைப் பிரான்ஸ் கடை என்றார்கள். பெயர்ப் பலகை கிடையாது. பிரான்ஸ் என்றதும் பெரிய ஹோட்டல் சாப்பாடு என்று நினைத்து வந்தவர்கள் ஏமாந்துதான் போனார்கள். அண்ணன் வேலை செய்தது பிரான்சில் ஒரு மலைக் கிராமத்தில், வயதான ஒரு மதாமின் சாப்பாட்டுக் கடையில். கீழே கடை, மேலே மதாமின் வீடு. அங்கே விறகு வெட்டுகிறவர்களும் மாடு வளர்க்கிறவர்களும் வந்து சாப்பிடுவார்களாம். என்ன வேண்டும் என்று யாரும் கேட்பதில்லை. அன்றைக்கு அடுப்பில் இருப்பதுதான் சாப்பாடு. இங்கேயும் அப்படித்தான் நடத்தினார். ஒருநாள் வெங்காய ஆணம் என்கிற சூப், ஒருநாள் பருப்பும் கரட்டும் போட்டு அவித்தது, வாவியில் கொடுவா மீன் கிடைத்தால் அது. எருமைத் தயிரைத் துணியில் கட்டி யன்னல் கம்பியில் தொங்கவிட்டு, தண்ணீர் வடிந்ததும் எடுத்து வைப்பார்.

பாண் மட்டும் ஏறாவூரில் சுடுவார். எங்கள் வீட்டில் போறணை, அந்தப் பெரிய செங்கல் அடுப்பு, இல்லை. மாவைப் பிசைந்து, ஈரத் துணியால் மூடி, சைக்கிள் பெட்டியில் வைத்துக்கொண்டு போவார். பேக்கரிக்கார முஸ்லிம் அண்ணன், காக்கா என்றுதான் கூப்பிடுவோம், தன்னுடைய பாண் முடிந்த பிறகு போறணையில் மிச்சம் இருக்கும் சூட்டில் இவருடையதை வைக்க விடுவார். முதல்நாள் வெளியே எடுத்ததைத் தட்டிப் பார்த்துவிட்டு அந்தக் காக்கா கேட்டாராம்.

"தம்பி, இது திங்கவா, இல்ல கள்ளன் வந்தா அடிக்கவா?"

"ரெண்டுக்கும் உதவும் காக்கா."

"அப்ப எனக்கும் ஒண்டு வெச்சிட்டுப் போ. தலைமாட்டில வெச்சிக்கிறன்."

அண்ணன் சிரித்துச் சொன்ன கதைகளில் எனக்கு நினைவிருப்பது அதுதான்.

இப்போது என் சங்கதிக்கு வருகிறேன். மகளுக்கு ஒரு சம்பந்தம் வந்தது. மாப்பிள்ளை வங்கியில் வேலை, குணமான பிள்ளை. தாய் வாவிக்கு அக்கரையில், படுவான்கரையில் வயல்காரர், புருஷன் இல்லாமல் தனியாக நின்று வயல் வட்டை பார்க்கிற மனுஷி. பேச்சு ஏறக்குறைய முடிந்துவிட்டது. ஒன்றே ஒன்றுதான் அவர்கள் கேட்டது. வீடு மகளுக்கு எழுதப்படும், அது வழமை. கலியாணத்துக்கு முதல் முன் ஹோலைக் கடை இல்லாமல் விட்டுத் தர வேண்டும். வீட்டுக்குள் அந்நிய ஆட்கள் வந்து சாப்பிட்டுப் போகிற இடத்தில் புதுசாகக் கலியாணம் முடித்த பிள்ளைகள் எப்படி இருப்பது என்று கேட்டார்கள். அதில் பிழை சொல்ல எனக்கு ஒன்றும் தெரியவில்லை.

நானும் கணவரும் கூட வீட்டை விட்டுப் பின்வளவுக்குப் போகத்தான் வேண்டும். எல்லாத் தாய் தகப்பனும் அப்படித்தான் போகிறார்கள். கணவர் மேசன். ஊராருக்கு வீடு கட்டிவிட்டு வந்து, பின்னேரங்களில் வாவிப் பக்கமாக எங்களுக்கு இரண்டு அறை கட்டிக்கொண்டிருந்தார். சுவர் நெஞ்சளவுக்கு வந்திருந்தது.

அண்ணனுக்கு யார் சொல்வது என்பதுதான் கேள்வி.

"நீதான் சொல்லணும்," என்றார் கணவர்.

"நீங்க ஆம்பிள. நீங்க சொன்னா என்ன?"

"நான் மச்சான்கா. நான் சொன்னா வீட்ட விட்டு எழுப்பின மாதிரிப் போயிரும். நீ கூடப் பிறந்தவ. நீ சொன்னா அது வெறும் கதை."

ஒவ்வொரு நாளும் சொல்லத்தான் நினைத்தேன். விடியுமுன் எழும்பி இடியப்பம் அவித்து இரண்டு தேத்தண்ணிக் கடைகளுக்குக் கொடுப்பது என் தொழில். உரல் பிழிந்து பிழிந்து வலது தோள் எப்போதும் கனத்துக்கிடக்கும். அந்த வேலை முடிய வீட்டு வேலை, அது முடியக் கலியாண வேலை. அண்ணனின் குசினிக்கும் எங்கள் குசினிக்கும் நடுவில் ஒரு கதவுதான். இருந்தாலும் அந்தக் கதவடியில் போய் நின்றால் அவர் வெங்காயம் வெட்டிக்கொண்டிருப்பார், நான் உப்புக் கேட்டுக்கொண்டு திரும்பிவிடுவேன். ஒரு கிழமையில் எங்கள் வீட்டில் உப்பு நிறைந்துவிட்டது.

மறுநாள் நொத்தாரிசு கந்தோரில் வீட்டு உறுதிக்குக் கையெழுத்து என்று முடிவாகிவிட்டது. கையெழுத்துக்கு முதல்நாள் காலையில் கணவர் வேலைக்குப் போகும்போது படலையில் நின்று திரும்பிப் பார்த்தார். ஏதாவது சொல்லியிருந்தால்கூடப் பரவாயில்லை.

மத்தியானம் கச்சான் காற்று வீசியது. அந்தக் காற்றில் வாவி கூடச் சூடாகத்தான் கிடக்கும். வந்திருந்த ஆட்கள் சாப்பிட்டுப் போய்விட்டார்கள். நான் முன் ஹோலுக்குப் போனேன்.

"அண்ணன், ஒரு கதை கதைக்கணும்."

"சாப்பிட்டியா?"

"இன்னும் இல்ல."

"அப்ப இரி."

குசினியில் என்று நினைத்து அந்தப் பக்கம் திரும்பினேன்.

"அங்க எங்க போறாய்? இஞ்ச இரி," என்று யன்னலோரம் இருந்த மேசையைக் காட்டினார். கதிரையை இழுத்தும் விட்டார்.

"மேசையத் துடைக்கட்டா?"

"துடைச்சாச்சி. ஊரெல்லாம் இஞ்ச இருந்து சாப்பிட்டுப் போயிற்று. நீ மட்டும்தான் மிச்சம். இரிகா."

உண்மைதான். கடை தொடங்கியதிலிருந்து அவர் சமைத்ததை நான் ருசி பார்த்திருக்கிறேன். எல்லாம் அடுப்படியில் நின்றபடி, உள்ளங்கையில் ஊற்றி நக்கிப் பார்த்ததுதான். கதிரை நுனியில் இருந்தேன். ஆஸ்பத்திரியில் நம்பர் கூப்பிடும் வரைக்கும் இருப்பதுபோல் இருந்தேன். அங்கிருந்து பார்க்க என் வீடு எனக்கு வேறு யாருடையதோபோல் இருந்தது. கதவு நிலைக்கு மேலே ஒட்டடை தெரிந்தது. இத்தனை நாளும் வந்துபோன ஆட்கள் அதைப் பார்த்துக்கொண்டுதான் சாப்பிட்டிருப்பார்கள். எழும்பித் தட்டலாமா என்று யோசித்தேன்.

ஒரு சின்னக் கூடையில் பாண் துண்டுகள் வந்தன. ஒரு போத்தல் தண்ணீர். பிறகு ஒரு மண் கோப்பையில் வெங்காய ஆணம். வெங்காயத்தைப் பட்டரில் போட்டுப் பனங்கட்டி நிறத்துக்கு வரும்வரை வதக்குவார். அதற்கு ஒரு காலைப்பொழுது வேண்டும், அடுப்பை விட்டு அசைய ஏலாது. மேலே வாட்டிய பாணும், உருகின சீஸும் கிடந்தன. அந்த வெக்கையில் அதைப் பார்க்கவே வியர்த்தது.

முதல் கரண்டியில் கொஞ்சம் கொச்சிக்காய்த் தூள் இருந்தால் நல்லது என்றுதான் நினைத்தேன். மூன்றாவது நாலாவது கரண்டியில் அந்த நினைப்புப் போய்விட்டது. இனிப்பும் இல்லை, உப்பும் இல்லை, இரண்டுக்கும் நடுவில் ஒரு ருசி. வயிற்றுக்குள் அது போகிற வழி தெரிந்தது. அடியில் பாண் ஊறி மெத்தென்று கிடந்தது.

"அண்ணன், நான் வந்தது..."

"ஆறப் போகுது. குடி."

குடித்தேன். எங்கள் வீட்டில் சாப்பாடு என்றால் சோறும் கறியும் எல்லாம் ஒரே பீங்கானில் ஒரே தடவையில் வரும், சாப்பிட்டு எழும்பிவிடலாம். இதில் ஒன்று முடிந்தால்தான் அடுத்தது. நடுவில் ஒரு வேலையும் இல்லாமல் சும்மா இருக்க வேண்டும். அந்தச் சும்மா இருப்பதுதான் எனக்குக் கஷ்டமாக இருந்தது.

கோப்பை வெறுமையானதும் எடுக்க வந்தார். நான் அதை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டேன். மூத்தவர், தங்கச்சியின் எச்சில் கோப்பையை எடுப்பதா.

"விடுங்க. நான் கழுவுறன்."

"விடுகா."

"வேணாம். ஆக்கள் பாத்தாச் சிரிப்பாங்க."

"நான் எடுக்காத எச்சிலா? பிரான்சில பாதிப் பேர்ட பீங்கானக் கழுவினவன் நான். உன்ட ஒண்டுக்கு என்ன வரப் போகுது. கைய எடு."

கையை எடுத்தேன். அவர் கோப்பையோடு உள்ளே போனார். சட்டி மூடி திறக்கும் சத்தம் கேட்டது. ஃபேன் சுற்றியது. வாவியில் யாரோ தோணியைத் தட்டி மீன் கலைத்தார்கள். அதுவரைக்கும்தான் எனக்குத் தெரியும்.

எழும்பியபோது கன்னத்தில் மேசைத் துணியின் தையல் பதிந்திருந்தது. யன்னல் சீலை இழுத்து மூடியிருந்தது. ஃபேனை யாரோ என் பக்கம் திருப்பியிருந்தார்கள். வெயில் சாய்ந்திருந்தது. எதிர் மேசையில் அண்ணன் இருந்து உள்ளி உரித்துக்கொண்டிருந்தார்.

வெட்கத்தில் எனக்குக் கண் கலங்கியது. "எழுப்பியிருக்கலாமே."

"என்னத்துக்கு? தீப்பிடிச்சதா?"

"ஆரும் வந்தாங்களா?"

"ரெண்டு வெள்ளக்காரர் வந்தவங்க. விறாந்தையில வெச்சிக் குடுத்தனுப்பினன். சத்தம் போடாமச் சாப்பிட்டாங்க. மச்சானும் வேலையால வந்தவர். ரெண்டு தரம் எட்டிப் பாத்திற்றுப் போனவர். அவரும் சத்தம் போடல்ல."

கணவர் எதற்கு எட்டிப் பார்த்தார் என்பது எனக்குத் தெரியும். நான் சொல்லிவிட்டேனா என்று பார்க்கத்தான். சொல்லப் போனவள் வாய் பிளந்து தூங்குவதைப் பார்த்துவிட்டுப் போயிருப்பார்.

அண்ணன் சட்டியைச் சூடாக்கிக்கொண்டு வந்தார். பெட்டியோடு கொண்டுவந்த அதே இரும்புச் சட்டி. முற்றிய நாட்டுச்சேவல், சின்ன வெங்காயம், கரட், உருளைக்கிழங்கு. பிரான்சில் இதற்கு வைன் ஊற்றுவார்கள். இங்கே விற்கும் வைன் அவருக்குப் பிடிக்காது, அதனால் தென்னங்கள்ளு ஊற்றுவார். காலையிலிருந்து சின்ன நெருப்பில் கிடந்ததால் இறைச்சி எலும்பைத் தானே விட்டது. நான் முள்ளுக்கரண்டியோடு கஷ்டப்படுவதைப் பார்த்துவிட்டு, "கையால சாப்பிடு, மதாமும் கையாலதான் சாப்பிடுவா" என்றார். பாணைப் பிய்த்துக் குழம்பில் தோய்த்துச் சாப்பிட்டேன். ஒருத்தர் எனக்கென்று சூடாக்கிக் கொண்டுவந்ததை இருந்த இடத்தில் இருந்து சாப்பிட்டது எப்போது என்று யோசித்துப் பார்த்தேன். மகள் பிறந்த நாற்பது நாளுக்குள் இருக்கும். களைப்பு அப்போதுதான் மேலே வந்தது. தூக்கத்தில் போகாத களைப்பு. இனி என்ன ஆனாலும் இந்தக் கதிரையை விட்டு எழும்ப ஏலாது என்பதுபோல் இருந்தது.

வாய் நிறையச் சாப்பாட்டோடுதான் சொன்னேன். அப்படியாவது சொல்ல வந்ததே.

"அண்ணன், மாப்பிள்ளை வீட்டாக்கள் முன் ஹோலக் கேட்கிறாங்க."

"ஓம்."

"கலியாணத்துக்கு முதல்."

"தெரியும்."

"ஆர் சொன்னது?"

"உன்ட சம்பந்திதான்."

எனக்கு விளங்கவில்லை. அண்ணன் உள்ளித் தோலை ஒரு பக்கமாக ஒதுக்கிவிட்டுச் சொன்னார். போன கிழமை, நான் சாமான் வாங்கக் காத்தான்குடிக்குப் போயிருந்த நேரம், மாப்பிள்ளையின் தாய் தனியாக வந்திருக்கிறார். வீட்டுக்கு இல்லை, கடைக்கு. நடு மேசையில் நிமிர்ந்து இருந்துகொண்டு கேட்டிருக்கிறார்.

"தம்பி, நான் ஆரெண்டு தெரியுமா?"

"தெரியும் அக்கா."

"தெரிஞ்சது நல்லம். கலியாண எழுத்து முடியாம நான் பொண்ணு வீட்டில வாய் நனைக்க ஏலா. அதால எனக்குப் பில் போடணும். பில் போட்டா இது கடை. போடாட்டி இது சம்பந்தி வீடு. விளங்குதா?"

"விளங்குது அக்கா. பில் போடுறன். முதல்ல சாப்பிடுங்க."

வெங்காய ஆணத்தைக் குடித்துவிட்டு, "சோறு எப்ப வரும்?" என்று கேட்டிருக்கிறார். சோறு வராது என்றதும், "சோறில்லாமக் கடை நடத்துற ஆள இண்டைக்குத்தான் பாக்கிறன்" என்றிருக்கிறார். அண்ணன் அந்தக் குரலிலேயே சொல்லிக் காட்டினார். பிறகு கோழி வந்திருக்கிறது. ஒன்றும் மிச்சம் வைக்காமல் சாப்பிட்டுவிட்டு, இன்னும் கொஞ்சம் பாண் கேட்டு வாங்கி, சட்டியில் ஒட்டியிருந்ததையும் துடைத்துத் தின்றாராம். எழும்பும்போது ஹோலைச் சுற்றிப் பார்த்து, "கலியாணத்துக்குப் பிறகு இந்த மேசையெல்லாம் எங்க போகும் தம்பி?" என்று கேட்டிருக்கிறார்.

"நீங்க என்ன சொன்னீங்க?"

"போகும் எண்டன்."

"எங்க?"

"அவ அதக் கேக்கல்ல. பில்லக் கேட்டா. குடுத்தன்."

ஒரு கிழமையாக அவருக்குத் தெரிந்திருக்கிறது. நான் உப்புக் கேட்டுப் போன ஒவ்வொரு தரமும் தெரிந்துதான் உப்புத் தந்திருக்கிறார்.

"நீயாச் சொல்லுவாய் எண்டு பாத்துக்கொண்டிருந்தன்," என்றார். கோபமாக இல்லை. எழும்பி உள்ளே போய், வடித்த தயிரை ஒரு சின்னப் பீங்கானில் கொண்டுவந்து வைத்தார். மேலே வாகரைப் பக்கத்துக் காட்டுத்தேன் ஊற்றியிருந்தது. அது பெரிய சமையல் ஒன்றும் இல்லை. தயிரும் தேனும் நாங்கள் சின்ன வயதிலிருந்து தின்பதுதான். ஆனால் தண்ணீர் வடிந்ததும் தயிர் வேறாகிவிடுகிறது, கரண்டியால் வெட்டத்தான் வேண்டும்.

"எங்க போவீங்க?" என்று திரும்பவும் கேட்டேன்.

"மாங்கேணியில ஒருத்தன் கடற்கரையோட ரெண்டு அறை கட்டி வாடகைக்கு விடுறான். சமைக்க ஆள் தேடுறான். தங்க இடமும் தாறானாம்."

"என்ன இடம்?"

"குசினிக்குப் பின்னால ஒரு அறை."

"இஞ்சயே இருக்கலாமே. கடை இல்லாட்டி என்ன? சாப்பாட்டுக்குக் குறைவா வரப் போகுது?"

அண்ணன் என்னைப் பார்த்தார். "ஆர்ட வீட்டில?"

என் வீட்டில் என்று சொல்ல வாய் எடுத்தேன். அதற்குள் நினைவு வந்தது. நாளைக்கு அது என் வீடு இல்லை. மகளின் வீட்டில் தாய் தகப்பன் நாங்களே பின்வளவுக்குப் போகும்போது, மாமன் முன் ஹோலில் கதிரை போட்டு இருப்பது எப்படி. முதல் இரண்டு மாதம் அவர் முற்றத்தில் நின்றது எனக்குக் கண்ணுக்குள் வந்தது. நாலு மேசை இருந்தபடியால்தான் அவர் இந்த வீட்டில் இருந்தார். மேசை போனால் அவர் திரும்பவும் முற்றத்துக்குத்தான் போவார். அதற்கு மாங்கேணி மேல் என்று நினைத்திருக்கிறார்.

நான் தேனைக் கரண்டியால் சுரண்டிக்கொண்டிருந்தேன். அவர் எதிர்க் கதிரையில் இருந்துகொண்டு, "எனக்கும் கால் ஏலாமப் போச்சிகா. நிண்டு நிண்டு நரம்பெல்லாம் முடிச்சு விழுந்து கிடக்கு," என்றார். சாரத்தைக் கொஞ்சம் உயர்த்திக் காட்டினார். கெண்டைக்காலில் நீலமாகப் புடைத்துக் கிடந்தது. நான் என் தோளைத் தொட்டுக் காட்டினேன். இரண்டு பேருக்கும் சிரிப்பு வந்தது. சந்தோஷத்தில் வந்த சிரிப்பு இல்லை.

கோப்பி ஊற்றித் தந்தார். குடித்து முடித்ததும், "எனக்கும் பில் போடுங்க" என்றேன். பகிடிக்குத்தான் சொன்னேன்.

"உனக்கு இது கடை இல்ல," என்றார்.

பின்னேரம் பின்வளவுக்குப் போனேன். கணவர் கல் வைத்துக்கொண்டிருந்தார். நான் சாந்துச் சட்டியைத் தூக்கிக் கொடுத்தேன்.

"சொல்லிற்றியா?"

"ஓம்."

"என்னவாம்?"

"மாங்கேணிக்குப் போறாராம்."

கணவர் மட்டக்கோலை வைத்துப் பார்த்தார், கல்லை ஒரு தட்டுத் தட்டினார். எனக்கு மேசையில் இருந்தபோது வராத கதை அங்கே நிற்கும்போது வந்தது. முன்கூட்டி யோசித்து வைத்ததில்லை.

"இந்தப் பின்பக்கத்த மகளுக்கு எழுதாம விடுவம்."

"எது?"

"கிணத்துக்கு இஞ்சால. இந்த வீடும் வாவிக்கரையும். முன்னுக்கு உள்ளது மகளுக்கு. இது அண்ணனுக்கு."

"அண்ணன்ட பேரிலயா?"

"ஓம்."

"ஆம்பிளைக்கு ஆர்கா வளவு எழுதுறது? நம்மட ஊரில கேள்விப்பட்டிரிக்கியா?"

"இல்ல."

அவர் கரண்டியில் இருந்த சாந்தைத் திரும்பச் சட்டியில் போட்டார். கட்டிய சுவரையும் கட்டாத இடத்தையும் பார்த்தார். ஊராருக்கெல்லாம் வீடு கட்டிய மனிதர் தனக்கென்று கட்டிய முதல் சுவர் அது. எனக்கு அது தெரியாமல் இல்லை. ஏதாவது சொல்லி அவர் என்னை ஏசியிருந்தால் நான் அந்தப் பேச்சை அதோடு விட்டிருப்பேன்.

"அப்ப நாம இனி மச்சான்ட வீட்டிலயா இருக்கப் போறம்?"

"ஓம். அவர் கட்டின வீட்டிலதானே இவ்வளவு நாளும் இருந்தம்."

அவர் வாசலுக்கென்று விட்டிருந்த இடைவெளியில் போய் நின்று, இரண்டு கையையும் விரித்து அளந்து பார்த்தார்.

"இது காணாது," என்றார். "இதுக்குள்ளால மேசை போகாது. இந்தப் பக்கக் கல்லக் கழட்டணும்."

இருட்டும்வரை இரண்டு பேருமாகக் கல்லைக் கழற்றினோம். அண்ணன் குசினி யன்னலால் பார்த்துக்கொண்டு நின்றார். என்ன செய்கிறீர்கள் என்று கேட்கவில்லை. நாங்களும் சொல்லவில்லை. எனக்கு அன்றைக்குக் கதைத்தது போதும் என்றிருந்தது.

அடுத்த நாள் நொத்தாரிசு கந்தோருக்குப் போனோம். மாப்பிள்ளையின் தாயும் வந்திருந்தார். கிணற்றுக்கு அப்பால், வாவிப் பக்கம் உள்ளது என் அண்ணனுக்கு என்று நான் சொன்னேன். இரண்டாம் தரம் கொஞ்சம் சத்தமாகச் சொல்ல வேண்டியிருந்தது. அப்படியென்றால் முதலில் நில அளவைக்காரரைக் கூட்டிவந்து பிரித்து அளக்க வேண்டும் என்றார் நொத்தாரிசு. மாப்பிள்ளையின் தாய் என்னைக் கனநேரம் பார்த்துவிட்டு, "அப்ப கிணத்தடியில நிக்கிற அந்தத் தேசிக்காய் மரம் ஆர்ட பக்கம் வரும்?" என்று கேட்டார். அந்த எலுமிச்சை அண்ணனின் பக்கம் என்றேன். "சரி, அளக்கட்டும்," என்றார். அன்றைக்குக் கையெழுத்து வைக்கவில்லை. திரும்பி வந்தபோது, இது ஒன்றும் இன்னும் தெரியாத அண்ணன் ஏறாவூருக்குப் பாண் சுடப் போயிருந்தார்.